அக்காவோட நெட்டு

அந்தக் கம்பெனியின் வேலை லிஃப்ட் பழுதுபார்ப்பது. அடுக்குமாடி, ஆஸ்பத்திரி, ஆபீஸ் கட்டடம், எங்கே லிஃப்ட் மக்கர் பண்ணினாலும் இவர்களுடைய வண்டிதான் போய் நிற்கும். அங்கே நோட்டீஸ் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. அவளுக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே சும்மா இருந்துவிடுவாள்.

பத்தாவதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் விட்ட கையோடு வேலை தேடி வந்து ரிசப்ஷனில் உட்கார்ந்தாள். போனை எடுக்க வேண்டும், வருகிறவர்களை உட்காரச் சொல்ல வேண்டும், மேலிருந்து வரும் நோட்டீஸ்களை மெக்கானிக்குகளின் ஷெட்டுக்குப் போகிற வழியில் உள்ள பலகையில் குத்த வேண்டும். முதல் இரண்டையும் யார் வேண்டுமானாலும் செய்வார்கள். மூன்றாவதில்தான் அக்கா தன் கைவரிசையைக் காட்டினாள்.

மெக்கானிக்குகள் நோட்டீஸை நின்று படிப்பதில்லை என்பதை அவள் வந்த வாரமே கவனித்துவிட்டாள். அதனால் நோட்டீசுக்கு மேலே தன் சொந்தச் சரக்கிலிருந்து ஒரு வரி சேர்ப்பாள். வேலைக்குச் செருப்புப் போட்டு வரக்கூடாது, பூட்ஸ்தான் போட வேண்டும் என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தால், அதன் தலையில் 'கால்விரல் எல்லாம் வேண்டும் என்பவர்கள் மட்டும் படிக்கவும்' என்று பெரிய எழுத்தில் இருக்கும். கூட்டம் கூடிப் படித்தது. சிலர் அடியில் பென்சிலால் பதில் கிறுக்கினார்கள். அக்கா அதற்கும் பதில் எழுதினாள். காலேஜ் வாசலை மிதித்தவர்களுக்கு இந்த வித்தை வராது. நாலு பேர் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டவர்களுக்குத்தான் வரும்.

கம்பெனி வளர்ந்து கிளைகள் விட்டது. ஒரு பலகையால் தாங்கவில்லை. முதலாளிக்கு இன்ட்ராநெட் ஆசை வந்தது. கம்பெனி ஆட்கள் மட்டும் உள்ளே வந்து பார்க்கிற ஒரு வலைத்தளம். யாரும் யாரிடமும் கேள்வி கேட்கலாம், பதில் சொல்லலாம், படம் போடலாம். வெளியிலிருந்து கோட்டும் டையுமாக வந்தவர்கள் சொன்ன விலையைக் கேட்டு முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோன அக்கா, அவர்கள் படியிறங்கும்வரை காத்திருந்து, இதை நானே கட்டித் தருகிறேன் என்று சொன்னாள்.

வாய்ச்சவடால் இல்லை. ஆபீஸ் விட்டதும் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போய், தன் பெண்ணின் வயதுப் பிள்ளைகளோடு பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து, தலைகீழாக நின்று கற்றுக்கொண்டவள் அவள். இலவசமாகக் கிடைக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கி, ரெடிமேட் சட்டையைப் பிரித்து ஆளுக்கு அளவாகத் தைப்பதுபோல் அதை வெட்டி ஒட்டினாள். பெயின்ட் டப்பாக்கள் அடைந்து கிடந்த மூலை அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். அங்கே பெயின்ட் வாடை போகவே இல்லை. ஆனால் கதவில் அவளுடைய பதவியைப் பொறித்த பலகை இருந்தது. நாத்தனாரை ஒருநாள் வரவழைத்து அந்தப் பலகையின் முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்தாள்.

அவள் கட்டியதில் அவளுக்கு உயிர் எதுவென்றால், ஆளுக்கொரு பக்கம். முதலாளிக்கு ஒரு பக்கம் என்றால் ஷெட் கூட்டுகிறவருக்கும் ஒரு பக்கம். முகம், வேலை, எதில் கெட்டிக்காரர் என்ற விவரம், எழுத இடம். இதற்காக அக்கா ஷெட் சுவரில் நீலத் துணி கட்டி, கையில் சீப்போடு நின்று, ஒவ்வொரு மெக்கானிக்கையும் தலை வாரச் சொல்லிப் படம் எடுத்தாள். வழுக்கைத் தலை வெல்டர் ஒருவரும் சீப்பை வாங்கி ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் நின்றார். ஒருவரையும் விடவில்லை. இத்தனை முகங்களையும் இந்தக் கம்பெனியில் வேறு யாரால் சேர்த்திருக்க முடியும் என்று அக்கா கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ஆபீஸ்காரர்கள் உடனே ஒட்டிக்கொண்டார்கள். பிறந்தநாள் வாழ்த்து, குழந்தை படம், மேனேஜர் எது போட்டாலும் வரிசையாக லைக். ஷெட்காரர்கள் பக்கம்தான் ஈயோட்டியது. முதல் நாள் உள்ளே வந்து தன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், போனவர்கள்தான். இந்த இன்ட்ராநெட்டை அவர்கள் 'அக்காவோட நெட்டு' என்று சொன்னார்கள். அதற்கும் தங்களுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்கிற மாதிரி இருந்தது அது.

விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் மட்டும் ஓயாமல் எழுதினார்கள். அவர்களுக்கெல்லாம் ராஜா, 'ரேடியோ' என்று பட்டப்பெயர் வாங்கியிருந்த ஒரு ஹெல்பர். பெயருக்கு ஏற்ற வாய். காலையில் ஆரம்பித்தால் மத்தியானம்வரை அவனுடைய பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அதிலும் ஒரு நிலையில்லை. 'ஐயா, கதவு மூடி மூடித் திறக்கிறது, தயவுசெய்து யாராவது சொல்லவும்' என்று பவ்யமாகக் கேட்பான். கொஞ்ச நேரத்தில் வேறு யாருக்கோ, 'அட மண்டு, பிரேக்கை இறுக்கினது யாரு, நீதானே' என்று போடுவான். அப்புறம் ஒன்றும் தெரியாத பிள்ளைபோல ஒரு கேள்வி. பையனுக்கு வேலை இல்லை, அதனால்தான் இப்படி வேஷம் கட்டுகிறான் என்று அக்கா நினைத்தாள்.

ஒருநாள் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். யார் யார் உள்ளே வருகிறார்கள் என்பது பச்சையாகவும், வராதவர்கள் சாம்பல் நிறமாகவும் இருந்தது. ஷெட் முழுவதும் சாம்பல். கோட்டு டை ஆட்கள் விலையைக் குறைத்துக்கொண்டு மறுபடி வந்திருக்கிறார்கள் என்றும், முதலாளி அடுத்த கூட்டத்தில் முடிவு சொல்லப்போகிறார் என்றும் மேனேஜர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. இனிக்கப் பேசியே கத்தியை இறக்குகிறவர்.

"உங்களை யாரும் அனுப்பப் போறதில்லைம்மா. ரிசப்ஷன்ல உங்க குரலை இன்னும் எல்லாரும் விசாரிக்கிறாங்க."

 அக்கா பயந்தது அந்த ரிசப்ஷன் நாற்காலிக்குத்தான். ஏறி வந்த படியில் இறங்கிப் போவது என்ன என்பது தானாக ஏறியவர்களுக்குத்தான் தெரியும். தூக்கி வைக்கப்பட்டவர்களுக்குத் தெரியாது.

அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு சட்டம் போட்டாள். ஒன்று, ஷெட்டில் உள்ள ஒவ்வொருவரும் தன் சொந்தப் பக்கத்தில், தன் சொந்தக் கையால், தினமும் ஏதாவது எழுதியாக வேண்டும். எழுதாதவர் பெயர் சூப்பர்வைசருக்குப் போகும். இரண்டு, ஒரே ஆள் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ஒருவருக்கு இவ்வளவுதான் என்று கம்ப்யூட்டரே வாயை மூடிவிடும். இரண்டாவது சட்டம் ரேடியோவை மனதில் வைத்துப் போட்டது.

அவளுடைய வீட்டுக்காரர் துணிக்கடையில் விற்பனைக்கு நிற்பவர். பொழுதுக்கும் வாடிக்கையாளரிடம் பேசிவிட்டு வீட்டில் பேச ஆசைப்படுவார், வாய்ப்புக் கிடைக்காது. அக்கா சட்டத்தை விளக்கியதும் அவர் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"பேசறவன் வாயை அடைச்சு, பேசாதவனைப் பேச வைக்கிறியா? நல்ல சட்டம்மா. வீட்லயும் போட்டா எனக்கும் கொஞ்சம் கிடைக்கும்."

"சாப்பிடுங்க," என்றாள் அக்கா.

சட்டம் பலித்தது. ஒரே வாரத்தில் சாம்பல் எல்லாம் பச்சை. சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக்குகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்று, போனை எடுத்து, 'வணக்கம்' என்று தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்கள். சிலர் 'இன்று வேலை முடிந்தது' என்றார்கள். வழுக்கை வெல்டர் தினமும் ஒரே பூவின் படத்தைப் போட்டார். முதலாளி அக்காவின் அறைக்கே வந்து, பரவாயில்லையே நோட்டீஸம்மா, ஊமைகளையெல்லாம் பேச வைத்துவிட்டீர்களே என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் நாத்தனாருக்கு இரண்டு தடவை போன் போனது.

அந்தச் சந்தோஷத்தில் ஒரு நாள் மண் விழுந்தது. ஒரு கிளினிக் கட்டடத்தில் லிஃப்ட் கதவு மூடப் போய் மூடப் போய்த் திறந்தது. ரேடியோவின் கோஷ்டிதான் போயிருந்தது. சென்சாரை மாற்றினார்கள், வயரை மாற்றினார்கள், போர்டையே கழற்றி மாட்டினார்கள். காலை முழுக்கப் போயிற்று. அதற்குள் காலில் கட்டுப் போட்ட நோயாளிகளை நாற்காலியோடு படியில் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. கிளினிக் டாக்டர் போனில் முதலாளியைப் பிடித்துக் காய்ச்சி எடுத்துவிட்டார். கடைசியில் விஷயம் என்னவென்றால், காலை வெயில் ஜன்னல் வழியாக நேரே கதவுச் சென்சார்மேல் விழுந்து அதை ஏமாற்றியிருக்கிறது. கிளை ஆபீஸ் கோஷ்டி ஒன்று இதே கோளாறை முந்தின வாரம் பார்த்து, ஜன்னல் கண்ணாடியில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு வந்திருந்தது. கேட்டிருந்தால் நொடியில் சொல்லியிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை.

இதற்குத்தானே இந்த நெட்டைக் கட்டினேன் என்று அக்காவுக்கு ஆத்திரம். பழைய பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். சட்டம் போடுவதற்கு முன்னால் பிரேக், ரோப், கதவு என்று கேள்வியும் பதிலுமாக இருந்தது. சட்டம் போட்ட பிறகு வணக்கம், வணக்கம், பூ, வணக்கம். அதைப் பார்த்ததும் ஆத்திரம் இறங்கி வேறென்னவோ ஏறியது. மறுநாள் காலை, ரேடியோவின் கோஷ்டி எங்கே வேலை செய்கிறது என்று விசாரித்துக்கொண்டு நேரே கிளம்பிவிட்டாள்.

பழைய ஆபீஸ் கட்டடம் ஒன்று. ரிப்பேருக்குக் கிடப்பதே லிஃப்ட் என்பதால் படியேறித்தான் போக வேண்டியிருந்தது. மூச்சிரைக்க மேல்மாடியை அடைந்தபோது, லிஃப்ட் கதவு அகலத் திறந்து கிடந்தது. குறுக்கே மஞ்சள் சங்கிலி. அதன் முன்னால் ரேடியோ கால் பரப்பி நின்று, யாரும் தவறி உள்ளே விழுந்துவிடாமல் காவல் காத்தான். கையில் போன். கீழே இருட்டுக்குள் கோஷ்டியின் மேஸ்திரியும் இன்னும் இரண்டு பேரும் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். தலைவிளக்குகள் மட்டும் ஆடின.

கிளினிக்கில் ஏன் நெட்டில் கேட்கவில்லை என்று அக்கா எடுத்த எடுப்பில் கேட்டாள்.

"எப்படிக்கா கேக்கிறது? எனக்குக் குடுத்த பேச்செல்லாம் விடியக்காலம் போன முதல் சைட்லயே தீர்ந்துபோச்சு. அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் வாயை மூடிருச்சு."

"நீதான் தீர்த்துட்ட. மேஸ்திரி கேட்டிருக்கலாமே. அவருக்கும் பக்கம் இருக்குல்ல?"

ரேடியோ சிரித்தான். காலடியில் இருந்த தகரப் பெட்டியைப் பூட்ஸ் நுனியால் தட்டினான். உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டது.

"அவர் பக்கம் இதுக்குள்ள இருக்குக்கா. எல்லார் பக்கமும் இதுக்குள்ளதான்."

லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் போனை எடுத்துப் போகக் கூடாது என்பது மேஸ்திரிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட கட்டு. மேலே இருக்கிறவன் பையிலிருந்து போன் நழுவினால் கீழே இருக்கிறவன் மண்டை திறந்துவிடும். அதனால் இறங்குமுன் எல்லாப் போனும் பெட்டிக்குள். வாசலில் காவல் நிற்கிறவன் கையில் மட்டும் ஒன்று. ஷெட்டில் இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். ஆபீஸில் யாருக்கும் தெரியாது. நோட்டீசில் வராத சட்டம் என்பதால் அக்காவுக்கும் தெரியாது.

அந்த நேரம் கீழேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. யார்டா மேலே என்று கேட்டார். அக்கா வந்திருக்கிறாள் என்று ரேடியோ குனிந்து கத்தினான். நல்லதாகப் போயிற்று, இந்த மாடல் பிரேக்குக்கு ஸ்பிரிங் எந்தப் பக்கம் போகும் என்று அவளுடைய நெட்டில் கேட்கச் சொல்லு என்றார் மேஸ்திரி. அவருக்குப் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய குரல், "ஐயான்னு போட்டுக் கேளு, மரியாதையா கேளு," என்றது.

அக்கா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த ஐயா யார், அந்த அட மண்டு யார் என்று இப்போது புரிந்தது. ரேடியோ ஒருபோதும் வேஷம் கட்டவில்லை. குழியிலிருந்து வந்த குரல்களை வந்தபடியே தட்டிவிட்டிருக்கிறான். சாம்பலாகத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவனைப்போல் வாசலில் நின்ற சிலர் வாயால் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். உயிரோடு ஓடிக்கொண்டிருந்த ஒன்றின் கழுத்தை நெரித்து, அதன் முகத்துக்குப் பவுடர் போட்டு முதலாளிக்குக் காட்டியிருக்கிறாள் அவள்.

தன் போனை எடுத்து, மேஸ்திரியின் கேள்வியைத் தன் பக்கத்திலிருந்து போட்டாள். பதில் வந்தது. அவளே குனிந்து குழிக்குள் கத்திச் சொன்னாள்.

கூட்டம் அந்த வாரக் கடைசியில். முதலாளி, மேனேஜர், அக்கா. மேனேஜர் பெரிய மனசோடு பச்சைக் கட்டங்களைக் காட்டி, நான் நினைத்தது தப்பு, இது பிழைத்துக்கொண்டது, வெளியாட்கள் வேண்டாம் என்றார். அக்கா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் போதும். அறை அவளுக்கு, பலகை அவளுக்கு. வீட்டில் முந்தின நாள் வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார்: ஒரு நாளைக்காவது என்னைப்போல் சும்மா இருந்து பார்.

அக்காவுக்கு அது வராது.

"சார், அதெல்லாம் வெறும் வணக்கம். நான்தான் மிரட்டி வாங்கினேன். முன்னாடி செத்துக் கிடக்குன்னு நினைச்சோமே, அப்பதான் நல்லா ஓடிட்டிருந்துச்சு."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். அக்கா தகரப் பெட்டி, வாசல் காவல், கிளினிக் வெயில் எல்லாவற்றையும் சொன்னாள். ஷெட்காரர்களுக்கு ஆளுக்கொரு பக்கம் சரிப்படாது, கோஷ்டிக்கு ஒரு பக்கம்தான் வேண்டும், வாசலில் நிற்கிறவன் எல்லாருக்காகவும் தட்டுவான், யார் சொன்னது என்று பெயரைத் தேர்ந்தெடுக்க ஒரு பட்டன் வைத்துவிடலாம் என்றாள்.  நீலத் துணி கட்டி எடுத்த முகங்கள் அவை. தன் உயிர் என்று சொல்லிக்கொண்டதைத் தானே இடிக்கச் சொல்கிறாள்.

முதலாளி கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பினார்.

"அப்ப இந்தப் பச்சை பொய்யி. பழைய சாம்பலும் பொய்யி. நான் எதைத்தான் பார்த்து நம்பறது?"

"கேள்வி கேட்டவங்க குழியை விட்டு ஏறுறதுக்குள்ள பதில் வந்துச்சான்னு பாருங்க சார். அது ஒண்ணு போதும்."

முதலாளிகள் முழுசாக எதையும் தூக்கிக் கொடுப்பதில்லை. ஆபீஸ்காரர்களின் வாழ்த்து, லீவு, போட்டோ எல்லாவற்றுக்கும் கோட்டு டை ஆட்களிடமே வாங்கிக்கொள்வது என்று முடிவானது. ஷெட்டுக்கான நெட்டு அக்காவிடமே இருக்கும். ஆனால் பாதி வேலை போய்விட்டதால் முழு நாள் அறையில் உட்கார முடியாது. காலையில் ரிசப்ஷன், மத்தியானத்துக்கு மேல் நெட்டு. சரியாக ஓடினால் பிறகு பார்க்கலாம்.

அக்கா சரி என்று சொல்லிவிட்டு எழுந்தாள். வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.  அப்புறம் அறைக்குப் போய், சட்டங்கள் இரண்டையும் அழித்துவிட்டு, ஷெட் முகங்களைக் கோஷ்டி கோஷ்டியாகச் சேர்க்க ஆரம்பித்தாள். ஒரு பக்கத்துக்குள் நாலு முகத்தை நெருக்கி வைத்தபோது, வெல்டரின் தலை மேஸ்திரியின் காதில் இடித்தது. அப்படியே விட்டுவிட்டாள்.

பதவி இறங்கிவிட்டதாமே என்று நாத்தனார் போனில் பொடி வைத்துக் கேட்டாள். கம்பெனியில் இரண்டு நாற்காலி உள்ள ஒரே ஆள் தான்தான் என்று அக்கா சொன்னாள். கணக்குப்படி அது உண்மைதான்.

ரிசப்ஷனில் உட்கார்ந்த முதல் காலையே ஒன்று தெரிந்துபோனது. கோஷ்டிகள் குழியில் இறங்குவது காலையில்தான். கேள்விகள் வருவதும் அப்போதுதான். மேஜைமேல் கம்ப்யூட்டரைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு அக்கா கேள்விகளைப் படித்தாள். எந்தக் கிளை மேஸ்திரிக்கு எது தெரியும் என்று அவளுக்கு அத்துப்படி. அந்த மேஸ்திரியின் கோஷ்டிக்கு வாசலில் நிற்கிறவனுக்குத் தட்டிக் கேட்டாள். எதிரே பையோடு நின்றவர்களிடம், "ஒரு நிமிஷம் உக்காருங்க, உள்ள ஆள் தொங்கிட்டிருக்காங்க," என்றாள். அவர்கள் என்ன ஏது என்று புரியாமல் உட்கார்ந்தார்கள்.

வந்தவர்கள் காத்துக் கிடக்கிறார்கள் என்று மேனேஜர் முதலாளியிடம் புகார் சொன்னார். முதலாளி, கிளைகளிலிருந்து எத்தனை கேள்விக்குக் காலையிலேயே பதில் போயிருக்கிறது என்று விசாரித்தார். பிறகு வரவேற்பறைக்கு இன்னும் இரண்டு நாற்காலி வாங்கிப் போடச் சொன்னார்.